வீட்டுத் தோட்டத்திற்கேற்ற தக்காளி வர்க்கத்தைத் தெரிந்தெடுத்தல்

தக்காளி விதை வாங்கச் செல்பவர் கடைக்காரரிடம் பெரும்பாலும் கேட்பது, எது பெரிய பழம், எது கூடுதலாகக் காய்ப்பது என்பதையே. விதைப் பைக்கற்றின் மேல் அச்சிடப்பட்டிருக்கும் செந்நிறப் படமும் அந்தக் கேள்விக்கே விடை கூறுகின்றது. நாற்று நட்டு ஆறு கிழமை கழிந்து, பூவும் பிஞ்சுமாக நிற்கவேண்டிய செடிகள் ஒரு நண்பகலிலே தலை சாய்ந்து, மறுநாட் காலையிலும் நிமிராது போகும்போதுதான், கேட்டிருக்கவேண்டிய கேள்வி வேறு என்பது தெரியவருகின்றது. அதற்குள் நடுகைக்குரிய பருவமும் கடந்துவிடும்.

நெற் செய்கையில் வர்க்கத் தெரிவு பிழைத்தால் விளைவு குறையும். களம் முற்றாக வெறுமையாவது அரிது. தக்காளியோ அவ்வாறன்று. பொருந்தாத வர்க்கம் பொருந்தாத மண்ணில் அல்லது பொருந்தாத மாதத்தில் நடப்பட்டால், இலையும் தண்டும் செழித்து வளர்ந்தும் ஒரு பழங்கூடக் கிடையாமற் போகலாம். தக்காளியின் சந்தை விலை ஓராண்டுக்குள்ளேயே பலமுறை ஏறி இறங்குவது. விலை ஏறியிருக்கும் நாட்களில் வீட்டுக் கோடியில் நிற்கும் பத்துப் பன்னிரண்டு செடிகள் ஒரு குடும்பத்தின் கறிச் செலவைப் பெரிதும் தாங்கும். ஆகவே தோட்டத்து மண்ணில் எந்நோய் இருக்கின்றது, பூக்கும் மாதத்தில் இரவு எவ்வளவு வெப்பமாயிருக்கும், சுற்றுப்புறத்தில் வெண்ணீயின் தொல்லை எத்தகையது என்பவற்றை முதலில் அறிந்து, அதன் பின்னரே பழத்தின் பருமனையும் சுவையையும் பற்றி எண்ணுதல் முறையாகும்.

வாடல் நோயும் மண்ணும்

இலங்கையின் தாழ்நிலங்களிலும் மலைநாட்டின் பல பகுதிகளிலும் தக்காளிக்குப் பெருங்கேடு விளைவிப்பது பற்றீரியா வாடல் நோயாகும். றல்சுரோனியா சொலனேசியாறம் என்னும் இப்பற்றீரியா மண்ணில் வாழ்வது. களை பிடுங்கும்போதும் மண் கொத்தும்போதும் வேரில் உண்டாகும் சிறு காயங்களினூடாக அது செடியினுட் புகுந்து, நீர் செல்லும் குழாய்களிற் பெருகி அவற்றை அடைத்துவிடுகின்றது. மண்ணிலே போதிய ஈரமிருந்தும் செடி நீரின்றி வாடுவது இதனாலேயே. இலைகள் மஞ்சளாவதில்லை, பச்சை நிறம் மாறாமலே தொங்கிவிடும். நோய் கண்ட செடியைக் காப்பாற்றும் மருந்து யாதும் இல்லை. கடையிற் கிடைக்கும் பங்கசு நாசினிகளை வாங்கித் தெளிப்பது வீண் செலவாகும்.

எனினும், வாடுகின்ற செடி ஒவ்வொன்றும் இந்நோயால் வாடுகின்றதெனக் கொள்ளுதலும் தவறு. பியூசேரியம் என்னும் பங்கசினாலும் தக்காளி வாடும். அப்போது அடியிலைகள் முதலில் மஞ்சளாகும். பல வேளைகளிற் செடியின் ஒரு பக்கம் மட்டும் மஞ்சளாகிப் பின்னர் மறுபக்கத்துக்குப் பரவும். வாட்டமும் மெதுவாகவே தோன்றும். வேர்முடிச்சு வட்டப்புழுக்கள் தாக்கிய செடியோ வெயிலில் வாடி மாலையில் நிமிர்ந்து, நாளடைவில் வளர்ச்சி குன்றி நிற்கும். பிடுங்கிப் பார்த்தால் வேரெங்கும் முடிச்சுகள் காணப்படும். இம்மூன்று கேடுகளையும் தாங்கும் குணங்கள் வெவ்வேறானவை. ஒன்றைத் தாங்கும் வர்க்கம் மற்றொன்றுக்கு எளிதில் இரையாகலாம். ஆதலால் எந்த வாடல் என்பதை அறியாது, வாடலைத் தாங்கும் விதை வேண்டுமெனக் கேட்பதிற் பயனில்லை.

பற்றீரியா வாடலை வீட்டிலேயே சோதித்து அறியலாம். வாடிய செடியின் தண்டை நிலத்துக்குச் சற்று மேலே வெட்டி, இரண்டு அங்குல நீளமான துண்டொன்றைக் கழுவி, தெளிந்த நீர் நிறைந்த கண்ணாடிக் குவளையிலே அதன் வெட்டு முனை மட்டும் அமிழும்படி நூலிற் கட்டித் தொங்கவிடுதல் வேண்டும். நீரை ஆட்டுதல் கூடாது. சில நிமிடங்களுக்குள் வெட்டு முனையிலிருந்து பால் போன்ற வெண்ணிற இழைகள் கீழ்நோக்கி இறங்குமாயின், நோய் பற்றீரியாவினால் உண்டானது என்பது உறுதி. சோதனை முடிந்ததும் கத்தியைக் கொதிநீரிற் கழுவுதல் வேண்டும். குவளையிலுள்ள நீரைத் தோட்டத்தில் ஊற்றுதல் ஆகாது.

கத்தரி, மிளகாய், உருளைக்கிழங்கு, புகையிலை ஆகிய பயிர்கள் தக்காளியின் குடும்பத்தைச் சேர்ந்தவை. இவற்றையும் இப்பற்றீரியா பற்றிக்கொள்ளும். சென்ற ஆண்டு கத்தரி வாடி மடிந்த பாத்தியிலே இவ்வாண்டு தக்காளியை நடுபவர், அதே நோய்க்கு மீண்டும் உணவளிக்கின்றார். நோயுற்ற பாத்தியினூடாகப் பாய்ந்துவரும் நீரும் நோயைக் கொண்டுவரும். இவ்விடயத்தில் நெல் வயலை உடையவர்களுக்கு மற்றையோர்க்கு இல்லாத வாய்ப்பொன்று உண்டு. நெடுநாள் நீர் தேங்கி நின்ற மண்ணில் இப்பற்றீரியா குறைந்துபோகின்றது. ஆகவே பெரும்போக நெல்லை அறுவடை செய்த வயலில், வடிகால் நன்றாக வெட்டி உயர்ந்த பாத்திகளில் தக்காளியை நடுவது, ஆண்டுதோறும் மரக்கறியே நடப்படும் மேட்டு நிலத்தில் நடுவதிலும் பாதுகாப்பானது. கண்டி, மாத்தளை, பதுளை முதலிய இடங்களில் இம்முறை சிறுபோகத்துக்கு நன்கு பொருந்தும். வடக்கு, கிழக்குப் பகுதிகளில் அப்போகத்தின் வெப்பமும் வெண்ணீயும் தடையாக நிற்பதைக் கீழே காணலாம்.

இந்நோயின் கொடுமை காரணமாகவே இலங்கையில் தக்காளி வர்க்கங்களைத் தெரிந்தெடுக்கும் வேலையில் வாடலைத் தாங்குங் குணத்துக்கு நெடுங்காலமாக முதலிடம் கொடுக்கப்பட்டு வந்துள்ளது. கே.டபிள்யு.ஆர். எனப்படும் பழைய வர்க்கத்தின் பெயரே இதற்குச் சான்று. அது கட்டுகஸ்தோட்டை வாடல் எதிர்ப்பு வர்க்கம் என்பதன் ஆங்கில எழுத்துச் சுருக்கமாகும். பின்னர் ரி 245, திலின, ரஜித, பத்திய, மகேசி முதலிய வர்க்கங்களைத் திணைக்களம் வெளியிட்டுள்ளது. இவை யாவும் ஒரே அளவில் நோயைத் தாங்குவன அல்ல. விதை வாங்கும்போது, குறித்த வர்க்கம் பற்றீரியா வாடலை எவ்வளவு தாங்குமென்பதைக் கேட்டறிதல் வேண்டும். அன்றியும், நோயைத் தாங்கும் வர்க்கம் என்பது நோயே அணுகாத வர்க்கம் என்று பொருள்படாது. மண் மிக வெப்பமாகவும் ஈரமாகவும் இருக்கும் காலத்திலும், வட்டப்புழுக்கள் வேரைத் துளைத்திருக்கும் இடத்திலும், தாங்கும் வர்க்கத்திலுஞ் சில செடிகள் வாடும். பத்துச் செடிகளில் எட்டு நிலைத்து நின்று காய்க்குமாயின் அந்த வர்க்கம் தன் கடமையைச் செய்ததெனக் கொள்ளலாம்.

வாடல் நிலைத்துவிட்ட தோட்டத்தில், விருப்பமான வர்க்கமொன்றைக் கைவிட மனமில்லாதவர்க்கு ஒட்டுமுறை உதவும். வாடலைத் தாங்கும் கத்தரி நாற்றை வேரடிக் கட்டையாகக் கொண்டு, அதன்மேல் தக்காளி நாற்றின் தலையை ஒட்டுவதே இம்முறை. தைவானிலுள்ள உலக மரக்கறி நிலையம் வெப்பநாடுகளுக்கு இதனைப் பல ஆண்டுகளாகப் பரிந்துரைத்து வருகின்றது. இரு நாற்றுகளின் தண்டும் ஒரே பருமனாயிருத்தலும், ஒட்டிய பின் சில நாட்களுக்கு நிழலும் ஈரக்காற்றும் உள்ள இடத்தில் வைத்தலும் முக்கியம். கத்தரி நாற்று மெதுவாக வளர்வதாகையால் அதன் விதையைச் சில நாட்கள் முந்தியே இடுதல் வேண்டும். நடும்போது ஒட்டு மண்ணுள் மறையுமாயின், தக்காளித் தண்டு தானே வேர்விட்டு நோயை வரவழைத்துக்கொள்ளும். பட்ட பாடு முழுவதும் வீணாகும்.

பைக்கற்றிலுள்ள எழுத்துகள்

பிறநாட்டு விதைப் பைக்கற்றுகளில் வர்க்கத்தின் பெயரை அடுத்துச் சில ஆங்கில எழுத்துகள் காணப்படும். 'வி' என்பது வேட்டிசிலியம் வாடலையும், 'எப்' என்பது பியூசேரியம் வாடலையும், 'என்' என்பது வேர்முடிச்சு வட்டப்புழுவையும், 'ரி' என்பது புகையிலைச் சித்திரவடிவ நோயையும் தாங்குமென்பதைக் குறிக்கின்றன. முதலிரண்டையும் கண்டு, வாடலுக்கு அஞ்சவேண்டியதில்லை என எண்ணி ஏமாந்தவர் பலர். அவ்விரு எழுத்துகளும் பங்கசினால் வரும் வாடலைப் பற்றியவை. பற்றீரியா வாடலைப் பற்றி அவை யாதும் உறுதி கூறவில்லை. பற்றீரியா வாடலைக் குறிப்பதற்குப் புதிய பைக்கற்றுகள் சிலவற்றில் 'ஆர்.எஸ்.' என்னும் எழுத்துகள் இடப்படுகின்றன.

இந்த வேறுபாடு அற்பமானதன்று. ஐக்கிய அமெரிக்காவின் விவசாயப் பகுதி 1925 ஆம் ஆண்டில் வெளியிட்ட மார்குளோப் வர்க்கமும், 1955 ஆம் ஆண்டில் வெளியிட்ட றோமா வர்க்கமும் பியூசேரியம் வாடலைத் தாங்குவதற்கென்று உருவாக்கப்பட்டவை. அந்நாட்டில் அதுவே தக்காளியை அழித்த நோய். அவ்வர்க்கங்களின் புகழ் உலகெங்கும் பரவிற்று. இலங்கைத் தோட்டங்களுக்கும் வந்தன. பற்றீரியா வாடல் இல்லாத மண்ணில் அவை இன்றும் நல்ல பழந் தரும். நோயுள்ள மண்ணிலோ அவற்றின் புகழ் செடியைக் காப்பதில்லை. ஒரு வர்க்கம் எந்த இடத்தில் எந்தக் கேட்டுக்கென உருவாக்கப்பட்டது என்பதை விசாரிப்பது, அதன் பழம் எத்தனை கிராம் நிறுக்கும் என்பதை விசாரிப்பதிலும் பயனுடையது.

இரவின் வெப்பம்

தக்காளியின் காட்டுறவினங்கள் தென்னமெரிக்காவில் அந்தீசு மலைத்தொடரின் மேற்குப் புறத்தில் வளர்பவை. அங்கு பகலில் வெயிலும் இரவிற் குளிரும் உண்டு. பயிராக்கப்பட்ட தக்காளியும் அக்குணத்தை முற்றாக விடவில்லை. இரவு வெப்பநிலை 15 முதல் 20 பாகை செல்சியசு வரை இருக்கையில் பூக்கள் நன்றாகக் காய் பிடிக்கும். 24 பாகைக்கு மேற் செல்லுமாயின் மகரந்தம் பழுதடைந்து, பெரும்பாலான வர்க்கங்களிற் பூக்கள் காம்பிலுள்ள கணுவோடு உதிர்ந்துவிடும். இவ்வுதிர்வைப் பசளைக் குறைவெனக் கருதி யூரியாவை இடுபவர் உளர். அதனாற் செடி மேலும் தழைத்து, காய் மேலுங் குறையும்.

யாழ்ப்பாணத்திலே மே மாதந் தொடக்கம் ஓகத்து வரை இரவிலும் 26, 27 பாகை வெப்பம் நிலவும். மார்கழி, தை மாதங்களிலே அது 23 பாகையளவுக்கு இறங்கும். இந்த மூன்று நான்கு பாகை வேறுபாடே தக்காளிக்கு வாழ்வும் தாழ்வுமாகும். ஆகவே வடக்கிலும் கிழக்கிலும் பெருமழை தணியும் மார்கழித் தொடக்கத்தில் நாற்று வயலிலே நிற்கும்படியாக, நாற்றுமேடையைக் கார்த்திகை முற்பகுதியில் இடுதல் உகந்தது. தை, மாசி மாதங்களிற் பூத்துக் காய் பிடிக்கும் செடி எந்த வர்க்கமாயினும் ஓரளவு பலன் தரும். அந்தப் பருவத்திற்குள் வர்க்கத் தெரிவு எளிது. மேட்டு நிலத்தில் கிணற்று நீரை நம்பிச் சித்திரைக்குப் பின் நடுபவரே வர்க்கத்தில் மிகக் கவனமாயிருத்தல் வேண்டும்.

வெப்பகாலத்துக்கு நடுவதாயின், பெரும்பழ வர்க்கங்களை அறவே தவிர்த்தல் நன்று. அரைக் கிலோகிராம் நிறையுள்ள பழத்தின் படத்தைக் கண்டு வாங்கிய விதை, தாழ்நிலத்து வெப்பத்திலே செடிக்கு இரண்டு மூன்று பழங்களைக் கொடுத்தாலே அதிகம். சிறுபழ வர்க்கங்கள் பொதுவாக வெப்பத்தை நன்கு பொறுக்கும். கிணற்றடியிலும் குப்பை மேட்டிலும் ஒருவரும் நடாமலே முளைத்து, கோடையிலுங் குலைகுலையாய்க் காய்த்து நிற்கும் சிறு தக்காளியைக் காணாத கிராமம் இல்லை. அதனை மதிப்பவர்தாம் குறைவு. அத்தகைய செடியொன்று ஒருவர் தோட்டத்தில் ஆண்டுக்காண்டு வாடாமல் நின்று காய்க்குமாயின், அத்தோட்டத்துக்கென இயற்கை தெரிந்துகொடுத்த வர்க்கம் அதுவெனக் கொண்டு அதன் விதையைப் பேணுதல் வேண்டும்.

வெப்பம் பழத்தின் நிறத்தையும் கெடுக்கும். 30 பாகைக்கு மேற்பட்ட வெப்பத்திலே செந்நிறப் பொருள் சரியாக உண்டாவதில்லை; பழம் மஞ்சளாகவோ செம்மஞ்சளாகவோ நின்றுவிடும். இது விதையின் குற்றமன்று. பழத்தின் அடியில் இளஞ்சிவப்பு ஓடத் தொடங்கியதும் பறித்து, வீட்டினுள் நிழலான இடத்தில் வைத்தாற் சிவப்பாகப் பழுக்கும். கிளிகளுக்கும் அணில்களுக்கும் பங்கு குறைவதும் இதனால் வரும் நன்மை.

வெண்ணீயும் இலைச்சுருளலும்

மழை ஓய்ந்து வரட்சி தொடங்கியதும் வெண்ணீ பெருகும். இலையின் கீழ்ப்புறத்தில் இருந்து சாற்றை உறிஞ்சும் இப்பூச்சி, தக்காளி இலைச்சுருளல் வைரசை ஒரு செடியிலிருந்து மற்றொரு செடிக்குக் கொண்டுசெல்கின்றது. நோயுற்ற செடியின் நுனியிலைகள் சிறுத்து, விளிம்பு மேல்நோக்கிச் சுருண்டு, மஞ்சளாகும்; கணுவிடை குறுகி, செடி பற்றைபோலாகும். நாற்றுப் பருவத்தில் நோய் பிடித்தால் காய் இல்லை என்றே கொள்ளவேண்டும். காய்த்தபின் பிடித்தால் ஓரளவு பலனை எடுத்துவிடலாம்.

இந்நோயைத் தாங்குமென விற்கப்படும் கலப்பின விதைகள் இப்போது பல உள்ளன. அவை பயனுடையவையே, ஆயினும் இலைச்சுருளலை உண்டாக்கும் வைரசு ஒன்றல்ல, பல. பிறநாட்டில் ஒரு வைரசைத் தாங்கிய வர்க்கம் இந்நாட்டு வைரசையும் அவ்வாறே தாங்குமென முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஆகவே புதிய விதையை முதலிற் சில செடிகள் மட்டும் நட்டுப் பார்த்தல் வேண்டும். வர்க்கம் எதுவாயினும் நாற்றுமேடையைக் காத்தல் இன்றியமையாதது. சாதாரண நுளம்பு வலையின் கண்கள் வெண்ணீக்குப் பெருவாசல். மிக நுண்ணிய கண்ணுள்ள பூச்சி வலையாலோ மெல்லிய வாயில் துணியாலோ மேடையை நாற்புறமும் இடைவெளியின்றி மூடுதல் வேண்டும். முளைத்த நாள் முதல் 25 நாட்கள் வரை வெண்ணீ அண்டாத நாற்று, அதன் பின் நோயைக் கண்டாலும் பெரும்பாலும் காய்த்த பின்னரே காணும். பழைய மிளகாய்ச் செடிகளுக்கும் தக்காளிச் செடிகளுக்கும் அருகில் நாற்றுமேடை இடுவது பெருந்தவறு.

மலைநாட்டுத் தோட்டங்கள்

நுவரெலியா, பண்டாரவளை, அற்றன் முதலிய இடங்களில் இரவுக் குளிருக்குக் குறைவில்லை. காய் பிடிப்பது அங்கு தடையன்று. அங்குள்ள இடர் ஈரத்தினால் வருவது. மூடுபனியும் தூறலும் நாட்கணக்கில் நீடிக்கும்போது, உருளைக்கிழங்கைத் தாக்கும் பின்வெளிறல் நோய் தக்காளியையும் தாக்கி, ஒரு கிழமைக்குள் இலை, தண்டு, காய் யாவற்றையும் கருக்கிவிடும். இலை அடர்ந்து பற்றையாக வளரும் வர்க்கங்களை விட்டு, கொழுகொம்பிற் கட்டி மேலே ஏற்றக்கூடியனவும் காற்றோட்டத்துக்கு இடந் தருவனவுமான வர்க்கங்களைத் தெரிதல் அங்கு ஏற்றது. லயத்துக்கு அருகிலுள்ள சிறு நிலத்தில் நாலைந்து செடிகளே நடுவோர், அவற்றின் மேலே பொலித்தீன் கூரையொன்றை அமைத்து இலைகள் நனையாமற் காத்தால், மருந்துச் செலவிற் பெரும்பகுதி மிஞ்சும்.

செடியின் வளர்ச்சி முறை

தக்காளியில் இருவகை வளர்ச்சி உண்டு. ஒருவகைச் செடி மூன்று இலைக்கொரு பூங்கொத்தாக, நுனி ஓயாது நீண்டுகொண்டே போகும். இதற்கு ஆறடிக் கொழுகொம்பு வேண்டும். மற்றையது ஒன்றிரண்டு இலைக்கொரு பூங்கொத்தை வைத்து, இறுதியில் நுனியிலும் பூங்கொத்தை வைத்து வளர்ச்சியை நிறுத்திக்கொள்ளும். இக்குட்டை வகைக்குக் காரணமான பிறப்புரிமைக் குணம் 1914 ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவின் புளோரிடாவிலே தற்செயலாகத் தோன்றிய ஒரு செடியிலிருந்து பரவியதாகும்.

குட்டை வகையின் பழங்கள் சில கிழமைகளுக்குள் ஒருசேரப் பழுத்துத் தீர்ந்துவிடும். சந்தைக்கு அனுப்புபவர்க்கும், சோசும் ஜாமும் செய்பவர்க்கும் இது வசதி. நாள்தோறும் கறிக்கு இரண்டு மூன்று பழம் வேண்டும் வீட்டுக்கோ நீண்டு வளரும் வகையே மேலானது. நோயின்றி நின்றால் மூன்று மாதங்களுக்கு மேலும் சிறுகச் சிறுகப் பழந் தரும். நீண்ட வகையில் இலைக்கக்கத்திலே தோன்றும் பக்கக் கிளைகளைக் கிள்ளி, ஒன்று அல்லது இரண்டு தண்டுகளை மட்டும் விடுதல் வழக்கம். அதே வழக்கத்தைக் குட்டை வகையிலுங் கைக்கொண்டால், பூக்கவேண்டிய கிளைகளே போய்விடும். எந்த வகை என்பதை விதை வாங்கும்போதே கேட்டுக்கொள்ளாதவர், கத்தரிக்கோலை எடுக்காமலிருப்பது நன்று.

அடுக்களைக்கு வேண்டிய பழம்

தம்புள்ளைச் சந்தைக்கு லொறியிற் செல்லும் தக்காளிக்குத் தடித்த தோலும் இறுகிய சதையும் வேண்டும். பெட்டியில் ஒன்றின்மேலொன்று அழுந்திக் கிடந்தாலும் வெடிக்காத பழத்தையே வியாபாரி விரும்புவார். கலப்பின வர்க்கங்கள் பல அவ்விருப்பத்திற்கேற்ப உருவானவை. கோடியிலிருந்து அடுக்களைக்கு இருபதடி தூரம் செல்லும் பழத்துக்கு அக்குணம் வேண்டியதில்லை. மெல்லிய தோலும் நிறைந்த சாறும் உள்ள பழம் வீட்டுத் தோட்டத்தில் மட்டுமே கிடைக்கக்கூடியது. அதனைக் கைவிட்டு, கடையில் வாங்கக்கூடிய பழத்தையே வீட்டிலும் நடுவானேன்?

சொதிக்கும் இரசத்துக்கும் புளிப்பும் சாறும் கூடிய பழம் ஏற்றது. சம்பலுக்கும் சலாதுக்கும் புளிப்புக் குறைந்து சதை மிகுந்தது நன்று. றோமாவைப் போன்ற நீள்வடிவப் பழங்களில் நீர் குறைவு, விதையும் குறைவு. அவை விரைவிற் குழம்பாகி வற்றுவதாற் சட்னிக்கும் சோசுக்கும் உகந்தவை. இந்நாட்டிற் பழங்காலந்தொட்டு நிற்கும் கொறக்காய்த் தக்காளி, தட்டையாய், கொறக்காய்ப் பழத்தைப் போல வரிவரியாகப் பிளந்த தோற்றமுடையது. சந்தையில் அழகிய பழமென அதற்கு மதிப்பில்லை, வெடிப்பதும் உண்டு. ஆயினும் கறியில் அதன் புளிப்புக்கு ஈடில்லையென முதியோர் கூறுவர். அதன் விதை எந்தக் கடையிலும் எளிதிற் கிடைப்பதன்று. ஒரு வீட்டில் அது நிற்பது அவ்வீட்டார் விதையை எடுத்து வைப்பதனால் மட்டுமே. அவர்கள் ஓராண்டு விதை எடுக்கத் தவறினால், அந்த ஊரில் அவ்வர்க்கம் அற்றுப்போகலாம்.

பழத்தின் அடியிலே கரிய தோல்போன்ற அழுகல் தோன்றுவதைக் கண்டு வர்க்கத்தை மாற்றுவோரும் உளர். அது பெரும்பாலும் நோயன்று. நீர் ஒருநாள் மிகையாகவும் ஒருநாள் இல்லாமலும் பாய்ச்சப்படுவதால் சுண்ணச்சத்து பழத்தின் அடிவரை எட்டாமையே காரணம். சுண்ணக்கல் நிறைந்த யாழ்ப்பாணத்துச் செம்மண்ணிலும் இவ்வாறு நேர்வது இதனாலேயே. நீளமான பழங்களில் இது கூடுதலாகத் தோன்றும். செடியின் அடியில் வைக்கோலைப் பரப்பி, அளவாக நீரிட்டால் அடுத்த கொத்துப் பழங்கள் சீராகும்.

பரீட்சித்தலும் விதை எடுத்தலும்

எந்த நூலும் எந்தக் கடைக்காரரும் ஒருவர் தோட்டத்துக்கு முடிவான விடை கூறமுடியாது. ஆகவே முதற்போகத்திலே, அயலில் நன்கு நின்ற வர்க்கமொன்றில் எட்டுச் செடிகளையும், புதிய வர்க்கங்கள் இரண்டில் நான்கு நான்கு செடிகளையும், இரண்டரை அடிக்கு இரண்டடி இடைவெளியில் நடலாம். நட்ட நாள், முதற்பூ, முதற்பழம், வாடிய செடிகளின் தொகை என்பவற்றைப் பிள்ளைகளின் பழைய கொப்பியொன்றிற் குறித்துவைத்தல் போதும். ஒரே பாத்தியில் ஒரு மூலையில் ஒன்று, மறு மூலையில் மற்றொன்று எனப் பிரிக்காது, வர்க்கங்களை மாறிமாறி நட்டால், மண்ணின் வேறுபாட்டை வர்க்கத்தின் குணமென மயங்க இடமிராது.

கலப்பின விதையிலிருந்து பெற்ற பழத்தின் விதையை மீண்டும் நடுதல் கூடாது. அடுத்த தலைமுறைச் செடிகள் ஒன்றுக்கொன்று வேறுபட்டு, நோயைத் தாங்குங் குணமும் சிலவற்றில் மட்டுமே நிற்கும். மகேசியைப் போன்ற கலப்பின வர்க்கங்களுக்கு ஒவ்வொரு போகமும் புதிய விதை வாங்குதல் வேண்டும். கலப்பினமல்லாத வர்க்கங்களில் இச்செலவு இல்லை. தக்காளி தன் மகரந்தத்தாலேயே கருவுறும் பயிராகையால், வேறு வர்க்கங்களிலிருந்து பத்துப் பன்னிரண்டு அடி விலகி நிற்கும் செடியின் விதை பெரும்பாலும் தாயைப் போன்றதாகவே இருக்கும்.

விதைக்குரிய செடியை அது காய்க்கும்போதே தெரிந்து, தண்டில் ஒரு துணித் துண்டைக் கட்டிவிடல் வேண்டும். ஒரேயொரு பெரிய பழத்தைப் பார்த்துத் தெரியாது, செடி முழுவதையும் பார்த்துத் தெரிதல் அவசியம். வாடலிலும் இலைச்சுருளலிலும் தப்பி, இரண்டாம் மூன்றாம் கொத்திலும் குறையாது காய்த்த மூன்று நான்கு செடிகள் போதுமானவை. நன்கு பழுத்த பழங்களைப் பிழிந்து, விதையையும் சாற்றையும் மண்சட்டியிலோ கண்ணாடிப் போத்தலிலோ இட்டு, ஒன்று அல்லது இரண்டு நாட்கள் நிழலில் வைத்தாற் புளித்து, விதையைச் சுற்றியுள்ள வழுவழுப்புக் கழன்றுவிடும். அதற்கு மேல் வைத்தால் விதை அங்கேயே முளைத்துவிடும். பின்னர் பலமுறை நீர்விட்டுக் கழுவி, மிதப்பவற்றைக் கொட்டி, அடியிற் தங்கிய விதைகளைத் தட்டிலோ மெல்லிய துணியிலோ பரப்பி நிழலில் உலர்த்துதல் வேண்டும். கடதாசியில் உலர்த்தினால் ஒட்டிக்கொள்ளும். நன்கு உலர்ந்த விதையைச் சிறு போத்தலில் இட்டு, அடியில் வறுத்து ஆறிய அரிசி சிறிது போட்டு இறுக மூடினால் மூன்று நான்கு ஆண்டுகள் வரை முளைக்கும். போத்தலின் மேல் வர்க்கத்தின் பெயரும் விதை எடுத்த மாதமும் ஆண்டும் எழுதப்படல் வேண்டும்.

திணைக்களம் வெளியிட்ட வர்க்கங்களின் விதைகளைத் திணைக்களத்தின் விதை விற்பனை நிலையங்களிற் பெறலாம். அவ்வப்போகத்திற்கு எவ்வர்க்கம் கிடைக்கும் என்பதையும், அயலிலுள்ள தோட்டங்களில் வாடல் நோயின் நிலையையும் அப்பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் நாற்றுமேடை இடுவதற்கு முன்னரே விசாரித்துக்கொள்ளலாம். செல்லும்போது வாடிய செடியொன்றை வேருடன் பைக்குள் இட்டுக் கட்டி எடுத்துச் செல்லல் நன்று.